மலை பார்க்கும் வீடு

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற பஸ்ஸில் ஏறி, பாக்குத் தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கி, யாரிடம் வேண்டுமானாலும் "ஒத்தடுப்பு எங்கீங்க?" என்று கேளுங்கள், வண்டியை நிறுத்திக் கை காட்டிவிட்டுப் போவார்கள், பத்திரத்தில் அந்த இடத்துக்கு நீளமான நல்ல பெயர் ஒன்று இருக்கிறது, வைத்தவர்களுக்கே இப்போது அது மறந்துவிட்டது. ஒன்பது வீடு, நடுவில் ஒரு முற்றம், முற்றத்து ஓரத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான் ஒத்தடுப்பு. பிள்ளைகள் சீமைக்குப் போய்விட்டவர்களும், பிள்ளையே இல்லாதவர்களும், பிள்ளை பக்கத்துத் தெருவில் இருந்தும் பேச்சுத்துணை இல்லாதவர்களும் ஒன்றுகூடி, தனித்தனியாக ரசம் வைத்துத் தனித்தனியாகக் குடிப்பானேன் என்று நிலம் வாங்கிக் கட்டிய வீடுகள். அந்த வீடுகள் திரும்பும். எப்படித் திரும்புகின்றன என்று என்னைக் கேட்டுப் பிரயோசனமில்லை, அங்கே குடியிருப்பவர்களே இதுவரை கேட்கவில்லை.

எல்லாம் தாழ்ப்பாளில் வந்த வினை. வீடு கட்டுவதற்கு முன் நடந்த முதல் கூட்டத்தில், கல்யாணமான புதிதில் இருப்பவர்களைப் போல ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்த அந்த நாளில், ஜெயமணி டீச்சர் எழுந்து, "நமக்குள்ள எதுக்குங்க தாழ்ப்பாள்?" என்று கேட்டார். டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தையே மணியடித்து நடத்தி ஓய்வு பெற்றவர், அவர் கேட்டால் அது கேள்வியில்லை. எல்லாரும் கைதட்டினார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், ஒன்பது வாசற்கதவும் தாழ்ப்பாள் இல்லாமலே செய்து மாட்டப்பட்டன. கைதட்டியதில் தமயந்தியும் உண்டு.

இது தமயந்தியின் கதை. தமயந்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்து, பிறந்த சேதியும் செத்த சேதியும் சம்பந்தம் பேசியதும் சண்டை போட்டதுமாக, ஊரார் பேச்சையெல்லாம் இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தே தலை நரைத்தவள், வேலையை விட்ட பிறகும் காதுக்குள் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பது போலிருக்கும் அவளுக்கு. அவள் புருஷன் அர்த்தநாரி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், பழனி ரூட். பந்தியில் அவர் உட்கார்ந்தால் போதும், "முன்னால போங்க, முன்னால போங்க, உள்ள எடம் சும்மா கெடக்குது" என்று கூவி, கழுத்தில் இன்னமும் தொங்குகிற விசிலை எடுத்து ஊதி, பரிமாறுகிறவர் கையிலிருந்து கரண்டி நழுவும்வரை சிரிக்க வைப்பார். அவருக்கு ஜனம் வேண்டும், அவருக்காகத்தான் இங்கே வந்தோம், ஒட்டாத பிறவி நாம்தான் என்று தமயந்தி தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தாள்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், ஒத்தடுப்பில் பால் புளிக்கவில்லை, பொங்கிப் பொங்கி வழிந்தது. காலையில் தமயந்தி பல் விளக்கும்போது லோகநாதன் உள்ளே வந்து நேற்றுப் பார்த்த வாஸ்துப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வார். அவர் ஓய்வு பெற்ற என்ஜினீயர், நாலாம் நம்பர் வீடு. தலை துவட்டும்போது, வயதில் சின்னவள் என்றாலும் ஆள்துணை வேண்டி அங்கே வந்து சேர்ந்த தையற்காரி பெனாசிர் தன் இரட்டைப் பெண் குழந்தைகளை விட்டுவிட்டு, "அக்கா, ஒரு அளவு ஜாக்கெட் மட்டும் குடுத்துட்டு வந்தர்றேன்" என்று டவுனுக்குப் போவாள். மத்தியானம் கண்ணயர்ந்தால் யாராவது வந்து, தூங்குகிறாளா என்று குனிந்து பார்த்து, தூங்குகிறாள் என்று வெளியே போய்ச் சொல்லுவார்கள். கெட்டவர்களாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை. வீட்டில் தாழ்ப்பாள் போட்ட ஒரே கதவு குளியலறைக் கதவு. தமயந்தி அதற்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிக்க ஆரம்பித்தாள். அங்கேயும் ஜன்னல் பக்கம் வந்து, "தமயந்தியம்மா, கொழம்புக்கு உப்புப் பாக்க ஆளில்லீங்க" என்று லோகநாதன் குரல் கொடுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜெயமணி டீச்சர் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு கூடை மாங்காயோடு, இன்றைக்கு தமயந்தி வீட்டில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு நறுக்கலாம் என்று வந்தார். தமயந்தி பக்கெட்மேல் இருந்தாள். முன்னறையில் அர்த்தநாரி செய்தித்தாளை முகத்தின்மேல் மூடிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தார். டீச்சர் வாசற்படியில் கால் வைக்கத் தூக்கிய அந்த நேரம், அடைகாக்கிற கோழி முட்டை நோகாமல் கூட்டுக்குள் திரும்பி உட்காருமே, அப்படி வீடு மெல்லத் திரும்பியது. அலமாரியில் ஒரு டம்ளர் உருளவில்லை, கொடியில் ஒரு துணி நழுவவில்லை, வாசல் மட்டும் நகர்ந்து நகர்ந்து போய் மலையைப் பார்த்து நின்றுகொண்டது, டீச்சரின் கால் வெறுஞ்சுவருக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. டீச்சர் காலைக் கீழே வைத்தார், "வாசல் அந்தப் பக்கம் போயிருச்சு, வாங்க" என்று கூடையோடு சுற்றிக்கொண்டு போனார். அவர் சுற்றச் சுற்ற வீடும் சுற்றியது. மூன்று சுற்று வந்து பார்த்துவிட்டு, "சரி, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று பெனாசிர் வீட்டுக்குப் போய் நறுக்கினார்கள்.

அதற்கப்புறம் ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் கதை. பிளம்பர் வந்து குழாயைத் தட்டிப் பார்த்து, "தண்ணி வருதுங்க, அப்புறமென்ன?" என்று போய்விட்டார். மீட்டர் பார்க்க வருகிற மின்வாரியத்துக்காரர், மீட்டர் தன் பக்கம் வருகிறவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுக் குறித்துக்கொண்டார். வாசல் எங்கே நிற்கும் என்று தெரியாததால் தமயந்தி வீட்டைச் சுற்றி ஒரே வளையமாகக் கோலம் போட்டாள், அது பார்க்க நன்றாக இருக்கிறது என்று மற்றவர்களும் போட்டார்கள், போட்ட கையோடு மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. அக்கினி மூலையும் ஈசானியமும் பார்த்துப் பார்த்துக் கட்டிய லோகநாதனுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை; டவுனிலிருந்து வாஸ்துக்காரரை அழைத்து வந்தார், வாஸ்துக்காரர் திசைகாட்டியைத் தரையில் வைத்தார், வீடு அவரையும் சேர்த்துக்கொண்டு அரைச்சுற்று வந்தது, அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "இந்த வீட்டுக்கு எட்டுத் திசையும் நல்ல திசைதானுங்க" என்று சொல்லி, இருந்து சாப்பிட்டுவிட்டும் போனார்.

ஆரம்பத்தில் வெட்கமாகத்தான் இருந்தது. உன் வீடு ஏன் முதுகு காட்டுகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? கேட்கிறவர் வீடு மறுநாளே முதுகு காட்டியதால் கேட்பது நின்றது. யாரோ ஒருவர் "அவிங்க வீடு மலை பாக்குது" என்றார், அந்தச் சொல் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. மலை பார்க்கிற வீட்டுக்குக் குரல் கொடுக்கக் கூடாது, சாப்பாட்டுத் தூக்கை முதுகுப்பக்க ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், வாசல் முற்றத்துக்குத் திரும்பினால் காப்பியோடு போகலாம் என்று, எந்தக் கூட்டமும் போடாமல் ஒரு வழக்கம் வந்தது. சண்டை குறைந்தது, பேச்சு ருசித்தது. பெனாசிரின் இரட்டைகள் திரும்புகிற வீடுகளின் படியில் தொற்றிக்கொண்டு சவாரி போனார்கள், அர்த்தநாரி கிளம்ப இரண்டு விசிலும் நிற்க ஒரு நீள விசிலும் ஊதினார். என் வீடு ஒருநாளும் திரும்பாது என்று சொல்லிக்கொண்டிருந்த ஜெயமணி டீச்சரின் வீடே ஒரு மத்தியானம் நைசாகத் திரும்பியது. வெகுநேரம் கழித்து டீச்சர் கன்னத்தில் பாய்த் தடத்தோடு வெளியே வந்து, "நல்லாத் தூங்கிட்டனுங்க" என்றார், அன்றைக்கு எல்லாரும் அவரைக் கூடுதலாக நேசித்தார்கள்.

தமயந்தி வீட்டில்தான் சிக்கல். மற்ற வீடுகள் ஒரு பொழுது மலை பார்க்கும், ஒரு பொழுது முற்றம் பார்க்கும். அவள் வீடு விடிந்தால் மலை, அடைந்தால் மலை. வேடிக்கை என்னவென்றால் தமயந்திக்குத் தனிமை சீக்கிரமே நிறைந்துவிட்டது. பக்கெட்டிலிருந்து எழுந்து வந்து, சத்தமில்லாத வீட்டில், காலை நீட்டி உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் புரட்டி முடிப்பதற்குள் அவளுக்குப் போதும் என்றாகிவிடும், முற்றத்தில் இரட்டைகள் சிரிப்பது கேட்டால் எட்டிப் பார்க்கத் தோன்றும். ஆனால் வீடு அசையாது. அர்த்தநாரி டவுனுக்குப் போகிற நாளில் மட்டும் காலையிலேயே முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அவர் வருகிறாரா என்று வழி பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வாள். நாம்தான் போதும் என்று பொய் சொல்லிக்கொள்கிறோம், வீடு பொய் சொல்லாது, உள்ளுக்குள் நமக்கு மனுஷ வாடையே ஆகவில்லை போலிருக்கிறது என்று அவள் நம்பினாள், நம்பி மனம் கசந்தாள்.

தை மாதத்தில் அவர்களுக்கு ஒரு நாள் உண்டு, பொதுச் சமையல்கட்டில் முதன்முதலாக அடுப்பு மூட்டிய நாள். அன்றைக்கு உலை கொதித்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசற்படியிலிருந்து இறங்கி நேராக நடந்து வந்து ஒரு பிடி அரிசியை உலையில் போட வேண்டும். ஒன்பது பிடியும் விழுந்த பிறகுதான் மிச்ச அரிசி. போன வருஷம் எட்டு வாசல் முற்றத்தைப் பார்த்திருந்தது, அர்த்தநாரி மட்டும் கையில் அரிசியோடு கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். "கண்டக்டரு பின்னால படியில ஏறி வர்றாரு" என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், ஆனால் அவர் முகம் ஒரு கணம் விழுந்து எழுந்ததை தமயந்தி பார்த்துவிட்டாள். என்னால் இவருக்கு இந்தத் தலைகுனிவு என்று அப்போது உள்ளே இறங்கிய முள் வருஷம் முழுவதும் வெளியே வரவில்லை.

இந்த வருஷம் அந்த நாளுக்கு முந்தின நாள் காலை, அவள் பையை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள்.

"உடுமலைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறனுங்க டீச்சர்."

"நாளைக்கு நாளும் அதுவுமா எங்க போறே?"

"நான் இல்லீன்னா வீடு இந்தப் பக்கம் திரும்பிக்கும். அவரு ஒருதடவையாச்சும் நேரா எறங்கி வந்து அரிசி போடட்டும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "திரும்பிருச்சுன்னா ஒரு போன் போடுங்க. நான் அங்கயே இருந்துக்கறேன். அவருக்கு நீங்கெல்லாம் வேணும் டீச்சர், நான் இல்லாமக்கூட இருந்துக்குவாரு."

டீச்சர் கேட்வரை கூட வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

தங்கச்சி வீடு நல்ல வீடு, கதவுக்குக் கதவு தாழ்ப்பாள். மத்தியானம் சாப்பாட்டு வேளை வந்தது, ஒத்தடுப்பில் பந்திக்கு டீச்சர் அடிக்கிற மணி இங்கே அடிக்கவில்லை, தமயந்திக்குத் தட்டில் கை போகவில்லை. உப்புக் குறைவா என்று தங்கச்சி கேட்டாள், உப்பெல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். போன் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உலகத்துக்கே போன் போட்டுக் கொடுத்தவளுக்கு ஒரு போன் வரவில்லை. வீடு திரும்பியிருக்கும், சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை என்று முடிவுகட்டினாள். முடிவுகட்டிய பிறகும் மனசு கேட்கவில்லை, அவர் நேராக இறங்கி வருவதை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பிவிடலாம் என்று மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

பாக்குத்தோப்பு ஓரமாக வந்து வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் வாழையிலைக் கட்டு, மாவிலைத் தோரணம், உலைப்பானையிலிருந்து ஆவி. ஒன்று, இரண்டு என்று வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள், எட்டு வாசல் முற்றத்தைப் பார்த்திருந்தது. ஒன்பதாவது வீடு, அவளுடைய வீடு, முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு முதலில் வருத்தமாக இருந்தது, நாம் போயும் நம் குணம் வீட்டைவிட்டுப் போகவில்லையே என்று. பிறகுதான் உறைத்தது. உள்ளே தமயந்தி இல்லை, தமயந்தி இதோ வேலியோரம் நிற்கிறாள். அப்படியானால் உள்ளே இருந்து மலை பார்ப்பது யார்?

வேலியோரமாகவே நடந்து, வாழை மறைவில் மலைப்பக்கம் போனாள். அர்த்தநாரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், மேலே சட்டை இல்லை, கால் இரண்டும் தொங்க, கை இரண்டும் மடியில் சும்மா கிடக்க, இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் பார்த்தேயிராத ஒரு அமைதி முகத்தில் இருந்தது.

"ஏனுங்க."

திருடன் அகப்பட்ட மாதிரி விழித்தார். "அதுக்குள்ள ஊருல இருந்து வந்துட்டியா புள்ள?"

"போயிட்டு வந்துட்டேன். நம்ம வீடு மட்டும் திரும்பலீங்களே."

"ம்."

"நான்தான் உள்ள இல்லியே."

"அதான் புள்ள, கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்."

தமயந்தி பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலையைப் பார்த்துக்கொண்டே அவராகப் பேசினார். "கால் வெக்க எடமில்லாம நின்ன பொழப்பு புள்ள அது. அடுத்தவன் முழங்கை என் வெலாவுல, அடுத்தவன் வேர்வை என் சட்டையில. எப்படா வீட்டுக்குப் போயிச் செவுத்தப் பாத்து உக்காருவோம்னு இருக்கும்."

"அப்புறம் எதுக்குங்க இங்க வந்தோம்?"

"உனக்காகத்தான். காலமெல்லாம் கொரலு மட்டும் கேட்டவ, பேசறவிங்க மூஞ்சியவே பாத்ததில்ல. நாலு பேர் மூஞ்சியப் பாத்து, எதுக்கால உக்காந்து பேசட்டும்னு நெனச்சேன்."

"நான் உங்களுக்காகன்னு வந்தேன்" என்றாள் தமயந்தி. "பந்தியில அந்த விசிலு, அந்தக் கூத்தெல்லாம்?"

"நீ உள்ளயே இருந்தியா, நானும் உள்ள கெடந்தா உன்னயத் திமிரு புடிச்சவன்னு சொல்லீருவாங்க. ரெண்டு பேத்துக்கும் சேத்து நானே சிரிச்சேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் தள்ளிக்கொண்டு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள், "அந்த மாங்கா வந்த அன்னைக்கு?"

"பேப்பருக்குள்ள கெடந்து, சாமி, செத்த நேரம் யாரும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

"பக்கெட்டு மேல உக்காந்து நானும் அதையேதானுங்க வேண்டுனேன்."

இருவரும் சிரித்தார்கள், சத்தமாக இல்லை, அந்தச் சிரிப்பை யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை. பிறகு அவள் சொன்னாள், "ஆனா எனக்கு இப்பெல்லாம் அவிங்க வேணுமுங்க. நேத்து மத்தியானம் மணிச்சத்தம் கேக்காம எனக்குச் சோறு எறங்கல."

அவர் அதை யோசித்தார். "எனக்கும் வேணும் புள்ள. நாளெல்லாம்தான் வேண்டாம்."

அப்போது மணி அடித்தது. முற்றத்துப் பக்கமிருந்து ஜெயமணி டீச்சரின் குரல் கேட்டது, மலை பார்க்கிற வீட்டைக் கூப்பிடவில்லை, தன் ஆட்களிடம்தான் பேசினார். "எட்டுப் பிடி ஆச்சு. ஒம்பதாவது வராம மிச்ச அரிசியத் தொடக் கூடாது. தண்ணி வத்துனா வத்தட்டும், இன்னொரு கொடம் ஊத்துங்க." வீடும் திரும்பவில்லை, திரும்பியிருந்தாலும் அவளை அங்கேயே விட்டுவிட டீச்சருக்கு மனசில்லை, முந்தின நாள் அவர் ஏன் போன் போடவில்லை என்று தமயந்திக்கு விளங்கியது. எழுந்து உள்ளே ஓடி, அரிசிப் பானையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததுதான் தாமதம், வீடு அவர்கள் இருவரையும் படியில் வைத்துக்கொண்டே மெல்லக் கிளம்பியது. வாழை போயிற்று, கிணறு போயிற்று, லோகநாதன் வீட்டுக் கொடித்துணி போயிற்று, தேர் நிலைக்கு வருவது போல ஆடாமல் அசங்காமல் வந்து முற்றத்தைப் பார்த்தது. பந்தியே எழுந்து நின்றது, அர்த்தநாரி அவசர அவசரமாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வீடு முற்றிலும் நிற்காமல், பழைய பஸ் ஒன்று ஸ்டாப்பில் நகர்கிற மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. அர்த்தநாரி ஒரு நீள விசில் ஊதினார், நின்றது. தமயந்தி இறங்கி, நேராக, எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்து போய் உலையில் அரிசியைப் போட்டாள். "எல போட்டாச்சு, அண்ணனக் கூப்பிடுக்கா" என்றாள் பெனாசிர்.

தமயந்தி திரும்பிப் படியில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்தாள். விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கமான சிரிப்பை முகத்துக்குக் கொண்டுவர அவர் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்.

"சோறு வேகறதுக்குள்ள நாங்க ஒரு சுத்துப் போயிட்டு வந்தர்றமுங்க" என்று சொல்லிவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்ப் படியில் ஏறி உட்கார்ந்தாள்.

அர்த்தநாரி அவளைப் பார்த்தார். கொண்டுவந்த சிரிப்பை அப்படியே விட்டுவிட்டார், அந்த இடத்தில் வேறொரு சிரிப்பு தானாக வந்தது. இரண்டு விசில் ஊதினார். வீடு நகர்ந்தது, இரட்டைகள் சவாரிக்கு ஓடினார்கள், டீச்சர் ஆளுக்கொரு கையைப் பிடித்து நிறுத்தி, "இந்த வண்டியில எடமில்ல கண்ணு, அடுத்த வண்டி" என்றார். பிறகு பந்தியைப் பார்த்து, "எல்லாரும் உக்காருங்க, அவிங்க வந்ததும் பரிமாறிக்கலாம்" என்றார். எட்டு வீடும் முற்றத்தைப் பார்த்திருக்க, ஒன்பதாவது வீடு மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதன் பங்கு அரிசி எல்லார் அரிசியோடும் சேர்ந்து உலையில் வெந்துகொண்டிருந்தது.